கூடைப்பந்தால் வேலை பெற்ற தச்சர் மகள்

கூடைப்பந்து நன்றாக ஆடியதால் ஒரு பெண்ணுக்கு ஆபீசில் வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் 75 டாலர். அன்றைய கணக்குப்படி சுமார் 200 ரூபாய்.

அப்போது அவளுக்கு வயது 18. பள்ளிப் படிப்புகூட முடியவில்லை!

இரண்டே ஆண்டில் அந்தப் பெண்ணின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஒலிம்பிக் பந்தயத்தில் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கினாள். பிறகு கோல்ப் ஆட்டத்தில் இறங்கினாள். அதிலும் அவளை வெல்ல ஆள் இல்லை.

அவள் பெயர் மில்ட்ரெட் டிட்ரிக்சன். ஊரார் அவளைப் பேப் என்று அழைத்தார்கள். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்தவள். 1956-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி, 45-வது வயதில் காலமானாள்.

அவள் இறந்து ஏழு வாரம் ஆகும்போது, நம் நாட்டில் ஒரு புதிய கம்பெனி பதிவு செய்யப்பட்டது. 1956 நவம்பர் 14-ந் தேதி பதிவான அந்தக் கம்பெனிதான் நெய்வேலி நிலக்கரிக் கம்பெனி. டிட்ரிக்சனுக்கும் நெய்வேலிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவள் கதையை நெய்வேலிக்காரர்கள் கேட்டால், இது நம் ஊர்க் கதை மாதிரி இருக்கிறதே என்று சொல்வார்கள். ஏன் என்று பார்ப்போம்.

மண்ணுக்கு அடியில் புதையல்

நெய்வேலி ஒரு காலத்தில் முந்திரித் தோப்பும் செம்மண்ணுமாகக் கிடந்த இடம். 1930-க்குப் பின் வந்த ஆண்டுகளில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம்முடைய நிலத்தில் கிணறு தோண்டினார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி.

1957 மே 20-ந் தேதி பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது. வட்டம் வட்டமாக வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைத்தெரு, விளையாட்டு மைதானம் எல்லாம் வந்தன. பல ஜில்லாக்களில் இருந்து வந்தவர்கள் ஒரே தெருவில் குடியேறினார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் இதே போன்ற சங்கதி ஐம்பது அறுபது வருஷம் முந்தியே நடந்தது. போமாண்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மேடு. 1901 ஜனவரி 10-ந் தேதி அங்கே துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பூமிக்குள் இருந்து எண்ணெய் பீறிட்டது. நூறு அடிக்கு மேல் கறுப்பு ஊற்றாக எழும்பியது! அன்று முதல் அந்தப் பக்கம் முழுவதும் எண்ணெய்ச் சீமை ஆகிவிட்டது. கடலோரத்தில் உள்ள போர்ட் ஆர்தர் என்ற ஊரில் பெரிய பெரிய எண்ணெய் ஆலைகள் வந்தன. கூலி வேலைக்கும் கைத்தொழிலுக்கும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சேர்ந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஓலே டிட்ரிக்சன். நார்வே நாட்டுக்காரர். கப்பலில் தச்சு வேலை செய்தவர். அவருடைய மனைவி ஹன்னா. இந்தத் தம்பதிக்கு ஏழு குழந்தைகள். ஆறாவதாகப் பிறந்தவள்தான் மில்ட்ரெட். பிறந்த தேதி 1911 ஜூன் 26. இடம் போர்ட் ஆர்தர்.

(பிற்காலத்தில் அவள் தன் வயதைக் குறைத்துச் சொல்வது வழக்கம். சில சமயம் மூன்று நான்கு வயதுகூடக் குறைத்திருக்கிறாள். சின்ன வயதில் சாதித்ததாகச் சொன்னால் பெருமை அதிகம் அல்லவா!)

1915-ல் பெரும் புயல் அடித்தது. அதன் பிறகு குடும்பம் போமாண்டுக்குக் குடிபெயர்ந்தது.

வேலியைத் தாண்டிய சிறுமி

தச்சர் வீட்டில் பணம் இல்லை. ஆனால் தச்சருக்குக் கை இருந்தது. வீட்டுக்குப் பின்னால் அவரே மரத்தால் கம்பங்கள் நட்டு, குறுக்குக் கம்பி போட்டு, பிள்ளைகள் தொங்கி விளையாட ஏற்பாடு செய்தார். துடைப்பக் கம்பின் இரு நுனியிலும் இஸ்திரிப் பெட்டியைக் கட்டித் தூக்கச் சொன்னார். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வித்தியாசம் பார்க்கவில்லை.

மில்ட்ரெட் தெருப் பையன்களோடு பேஸ்பால் ஆடுவாள். அவள் அடித்தால் பந்து கண்ணுக்கு மறைந்துவிடும். அந்தக் காலத்தில் பேப் ரூத் என்ற பேஸ்பால் வீரர் பிரபலமாக இருந்தார். அவரைப் போல அடிக்கிறாள் என்பதால் பையன்கள் தன்னைப் பேப் என்று அழைத்ததாக அவள் சொல்லிக்கொள்வாள். வீட்டில் தாய் செல்லமாகக் கூப்பிட்ட பெயர்தான் அப்படி ஆயிற்று என்று சொல்வோரும் உண்டு.

அவர்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் செடி வேலி இருந்தது. வீட்டுக்கு வீடு வேலிகளைத் தாண்டிக்கொண்டே தெருவின் கோடி வரைக்கும் ஓடுவாள். ஒரு வீட்டு வேலி மட்டும் உயரம் அதிகம். அதுவும் மற்ற வேலிகளின் உயரத்துக்கு இருந்தால் நல்லது என்று அந்த வீட்டுக்காரரிடமே போய்க் கேட்டாள். அவரும் வெட்டிக் கொடுத்தார்! இந்தத் தெருப் பயிற்சிதான் பின்னால் ஒலிம்பிக் தடை ஓட்டத்தில் தங்கம் வாங்கித் தந்தது.

விளையாட்டு மட்டும் அல்ல. பள்ளிக்கூடம் விட்டதும் வேலைக்குப் போவாள். அத்திப் பழத்தைப் பதம் செய்து அடைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். பிறகு சாக்குத் தைக்கும் இடத்தில் சேர்ந்தாள். ஒரு சாக்குத் தைத்தால் ஒரு சென்ட் கூலி. கை வேகம் அதிகம். கிடைத்த காசில் பெரும் பங்கைத் தாயிடம் கொடுத்துவிடுவாள்.

தையல் அவளைக் கடைசி வரை விடவில்லை. தன் உடுப்புகளைத் தானே தைத்துக்கொள்வாள். ஆண்பிள்ளை மாதிரி இருக்கிறாள் என்று பத்திரிகைகள் எழுதிய காலம் அது.

கூடையில் விழுந்த பந்து

இங்கே கூடைப்பந்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இந்த ஆட்டம் பழைய ஆட்டம் அல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கண்டுபிடித்தார். குளிர் காலத்தில் மாணவர்கள் வெளியே ஓடியாட முடியாது. கட்டடத்துக்குள் ஆட ஓர் ஆட்டம் வேண்டும். பீச் பழம் வைக்கும் கூடை இரண்டை எடுத்துப் பால்கனியில் ஆணி அடித்து மாட்டினார். அதில் பந்தைப் போடச் சொன்னார். அவ்வளவுதான்! பந்து விழுந்தால் ஒருவர் ஏணி போட்டு ஏறி எடுக்க வேண்டும். கூடையின் அடியை அறுத்துவிடலாம் என்ற யோசனை அப்புறம்தான் வந்தது.

அடுத்த ஆண்டே ஸ்மித் கல்லூரி என்ற பெண்கள் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை இதைப் பெண்களுக்குக் கற்பித்தார். பெண்கள் அதிகம் ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஆகவே அவர் மைதானத்தை மூன்று பாகமாகக் கோடு போட்டுப் பிரித்தார். ஒரு பாகத்தில் நிற்பவள் அடுத்த பாகத்துக்குப் போகக் கூடாது. அடுத்தவள் கையில் உள்ள பந்தைத் தட்டிப் பறிக்கக் கூடாது. முதல் ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளேயே விடவில்லை!

நம் நாட்டில் கூடைப்பந்து பரவியதற்கு முக்கியமான இடம் சென்னை. 1920-ல் ஹாரி பக் என்ற அமெரிக்கர் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்து வெளிவந்த டிரில் மாஸ்டர்கள் ஊர் ஊராகப் பள்ளிகளில் கூடை மாட்டினார்கள்.

இனி பேப் கதைக்கு வருவோம்.

குள்ளம் என்று தள்ளினார்கள்

போமாண்ட் உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் கூடைப்பந்துக் குழு இருந்தது. அதில் சேர ஆசைப்பட்டாள். குள்ளமாக இருக்கிறாய், ஆகாது என்று தள்ளிவிட்டார்கள்.

அவள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. பையன்களின் பயிற்சி ஆசிரியரிடம் போனாள். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்று கேட்டுக் கேட்டுக் கற்றாள். கடைசியில் குழுவில் இடம் கொடுத்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அதிகப் புள்ளி எடுத்தவள் அவள்தான்.

1930 பிப்ரவரியில் ஹூஸ்டன் நகரில் ஓர் ஆட்டம். பார்வையாளர்களில் ஒருவர் மெல்வின் மெக்கோம்ஸ். டல்லாஸ் நகரில் உள்ள எம்ப்ளாயர்ஸ் காசுவால்ட்டி என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவர் அதிகாரி. கம்பெனியின் பெண்கள் விளையாட்டுக் குழுவும் அவர் பொறுப்பில் இருந்தது. வேறொரு பெண்ணைப் பார்க்க வந்தவர், பேப் ஆடுவதைப் பார்த்து நின்றுவிட்டார்.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கூடைப்பந்து எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் விளம்பரத்துக்குத்தான். குழு ஜெயித்தால் கம்பெனியின் பெயர் பத்திரிகையில் வரும். அந்தக் காலத்தில் எண்ணெய்க் கம்பெனிகளும் வியாபாரக் கம்பெனிகளும் பெண்கள் குழு வைத்திருந்தன. கல்லூரிகளில் பெரிய ஆட்டம் இல்லாத காலம். நன்றாக ஆடும் ஏழைப் பெண்ணுக்குக் கம்பெனிக் குழு ஒன்றே வழி.

ஆனால் ஒரு சட்டம் குறுக்கே நின்றது. விளையாடுவதற்காகப் பணம் வாங்கினால், அவள் பணத்துக்கு ஆடுபவள் ஆகிவிடுவாள். தேசியப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். ஒலிம்பிக் பக்கம் தலைகாட்ட முடியாது. ஆகவே கம்பெனிகள் சம்பளத்தை ஆபீஸ் வேலைக்குக் கொடுத்தன. பேப்புக்குக் கிடைத்த உத்தியோகம் சுருக்கெழுத்து, டைப் வேலை. மாலையில் ஆட்டம்.

நம் ஊரில் ரயில்வேயிலும் பொதுத்துறைக் கம்பெனிகளிலும் விளையாட்டுத் திறமைக்காக வேலை கொடுக்கிறார்களே, அதே ஏற்பாடுதான். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தெற்கு ரயில்வே குழுவில் ஆடியவர். இந்தியப் பெண்கள் கூடைப்பந்துக் குழுவுக்குத் தலைவியாக இருந்தார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நெய்வேலி மைதானங்களில் சாயங்காலம் பந்து தட்டும் பெண் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கும் இந்த நினைப்பு இல்லாமல் போகாது.

பேப்பைத் தனியாக அனுப்பத் தாய்க்கு மனம் இல்லை. பெண் பிள்ளை, தெரியாத நகரம். கடைசியில் தகப்பனார் கூடப் போனார். ரயிலில் இரவெல்லாம் பயணம். டல்லாஸ் போய்ச் சேர்ந்த அன்று இரவே அவளை மைதானத்தில் இறக்கிவிட்டார்கள்!

சம்பளம் வந்ததும் அதில் பாதிக்கு மேல் வீட்டுக்கு அனுப்பினாள். அறை வாடகையும் சாப்பாடும் போக அவள் கையில் மிச்சம் ஒன்றும் இராது. இடையில் ஊருக்குப் போய்ப் பள்ளிப் பரீட்சையையும் முடித்துவிட்டு வந்தாள்.

மூன்று ஆண்டு ராஜ்யம்

கம்பெனிக் குழுவின் பெயர் கோல்டன் சைக்ளோன்ஸ். அதாவது தங்கச் சூறாவளி. அந்தச் சூறாவளிக்கு நடுவில் ஒரு குட்டிச் சூறாவளி பேப்.

1930-ல் தேசியப் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை போனார்கள். அதில் தோற்றார்கள். 1931-ல் ஜெயித்துத் தேசிய வெற்றிக் கோப்பையைத் தூக்கினார்கள். 1932-ல் மறுபடியும் இறுதி ஆட்டம், மறுபடியும் தோல்வி. ஆனால் மூன்று ஆண்டும் அமெரிக்காவின் சிறந்த ஆட்டக்காரிகளின் பட்டியலில் பேப்பின் பெயர் இருந்தது.

கூட ஆடிய பெண்களுக்கு அவளைப் பிடிக்கவில்லை. அதில் அவர்கள் மேல் தப்புச் சொல்ல முடியாது. பந்து கிடைத்தால் அவள் யாருக்கும் கொடுக்க மாட்டாள். தானே போட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தன்னைப் பற்றித் தானே பேசுவாள். ஊர்ப் பத்திரிகை நிருபர் ஒருவருக்குக் கடிதம் எழுதி, தன்னைப் பற்றி எழுதச் சொல்வாள். அடக்கம் என்ற சொல் அவள் அகராதியில் கிடையாது. அடக்கமாக இருந்திருந்தால் அந்தத் தச்சர் மகளை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது.

1930 கோடைக் காலத்தில் மெக்கோம்ஸ் அவளை ஓட்டப் பந்தயம் நடக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். கோடையில் கூடைப்பந்து கிடையாது. பெண்கள் சும்மா இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். தரையில் ஒரு நீளக் குச்சி கிடந்தது. அது என்ன என்று பேப் கேட்டாள். ஈட்டி என்றார்கள். எடுத்து எறிந்து பார்த்தாள்.

ஒரே பெண், ஒரு குழு

1932 ஜூலை 16. இல்லினாய்ஸ் மாநிலத்தில் எவன்ஸ்டன் என்ற ஊர். தேசியத் தடகளப் பந்தயம். ஒலிம்பிக்குக்கு ஆள் எடுப்பதும் அன்றுதான்.

குழுக்களை ஒவ்வொன்றாக அறிவித்தார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர், இருபது பேர் என்று பெண்கள் ஓடி வந்து நின்றார்கள். டல்லாஸ் கம்பெனியின் பெயரைச் சொன்னதும் ஒரே ஒருத்தி ஓடி வந்தாள். கையை ஆட்டிக்கொண்டு தனியாக வந்தாள்! கம்பெனி அவள் ஒருத்தியையே முழுக் குழுவாக அனுப்பியிருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது.

மூன்று மணி நேரத்தில் எட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டாள். ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே அடுத்த போட்டிக்குப் பெயர் கூப்பிடுவார்கள். சில நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு ஓடுவாள். குண்டு எறிந்தாள். ஈட்டி எறிந்தாள். பேஸ்பால் எறிந்தாள். நீளம் தாண்டினாள். தடை ஓட்டம் ஓடினாள். ஐந்திலும் முதல்! உயரம் தாண்டுவதில் ஜீன் ஷைலி என்ற பெண்ணோடு சமம்.

அன்று மாலை புள்ளிகளைக் கூட்டினார்கள். பேப் ஒருத்தி எடுத்த புள்ளி 30. இரண்டாவதாக வந்தது இல்லினாய்ஸ் மகளிர் சங்கம். அதில் 22 பெண்கள். அத்தனை பேரும் சேர்ந்து எடுத்த புள்ளி 22.

தங்கம் இரண்டு, வெள்ளி ஒன்று

அந்த மாதக் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் தொடங்கியது. ஒரு பெண் மூன்று தனிப் போட்டிகளில்தான் கலந்துகொள்ளலாம் என்று விதி. பேப்புக்கு இது பெரிய குறை.

ஈட்டி எறிதலில் 43.69 மீட்டர். தங்கம். எண்பது மீட்டர் தடை ஓட்டத்தில் 11.7 வினாடி. உலக சாதனை. மறுபடியும் தங்கம். பக்கத்தில் ஓடிய ஈவ்லின் ஹாலும் அதே சமயத்தில் கோட்டைத் தொட்டது போலத் தெரிந்தது. நடுவர்கள் பேப் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

மூன்றாவது உயரம் தாண்டுதல். எவன்ஸ்டனில் சமமாக நின்ற ஜீன் ஷைலியே இங்கும் எதிரி. இருவரும் 1.65 மீட்டர் தாண்டினார்கள். பிறகு மறு போட்டி. அப்போது நடுவர்கள் பேப் தாண்டும் முறை தப்பு என்றார்கள். காலுக்கு முன் தலை குறுக்குக் கம்பத்தைக் கடக்கிறது என்பது அவர்கள் கண்ட குற்றம். முதலிலிருந்தே அப்படித்தான் தாண்டிக்கொண்டிருந்தாள். அதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை! வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள். அந்த விதி சில ஆண்டுகளில் ஒழிந்தது. இப்போது தலை முன்னால் போனால் யாரும் கேட்பது இல்லை.

இதோடு இன்னொரு சங்கதியும் சொல்லியாக வேண்டும். அந்த ஒலிம்பிக் குழுவில் டைடி பிக்கெட், லூயிஸ் ஸ்டோக்ஸ் என்று இரண்டு நீக்ரோ பெண்கள் இருந்தார்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் கறுப்பு நிறத்தவரை அப்படித்தான் அழைத்தார்கள். இன்று அந்தச் சொல் இழிவாகக் கருதப்படுகிறது. ரயிலில் படுத்திருந்த பிக்கெட் மேல் பேப் ஐஸ் தண்ணீரைக் கொட்டினாள். பிக்கெட் இதை மறக்கவில்லை, பின்னாளில் சொன்னார். அந்த இரு பெண்களையும் லாஸ் ஏஞ்சல்சில் ஓடவே விடவில்லை. ஏழ்மையில் பிறந்து ஏளனம் பட்டவள், தன்னை விட ஏளனம் பட்டவளிடம் இப்படி நடந்துகொண்டாள். வேடிக்கைக்குச் செய்தாள் என்று யாராவது சொன்னால், அதை ஏற்க மனம் வரவில்லை.

மோட்டார் விளம்பரம்

போமாண்டில் ஊரே திரண்டு வரவேற்றது. பாண்டு வாத்தியம், ஊர்வலம், பூச்செண்டு. பணம் மட்டும் வரவில்லை. பதக்கத்தை வைத்து அடுப்பு எரியாது.

1932 டிசம்பரில் டாட்ஜ் மோட்டார் விளம்பரத்தில் அவள் படம் வந்தது. உடனே விளையாட்டுச் சங்கம் அவளைத் தள்ளி வைத்தது. தன் அனுமதி இல்லாமல் படத்தைப் போட்டார்கள் என்று அவள் வாதாடினாள். விசாரித்துத் தடையை நீக்கினார்கள். ஆனால் அதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. இனிமேல் பணத்துக்கே ஆடுகிறேன் என்று வெளியே வந்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் பெண் ஒருத்தி விளையாடிப் பிழைக்க வழி எங்கே இருந்தது? சிகாகோ நாடகக் கொட்டகையில் மேடை ஏறினாள். மவுத் ஆர்கன் வாசித்தாள். ஓடும் பட்டையின் மேல் ஓடிக் காட்டினாள். கூட்டம் வந்தது. ஆனால் வெயில் படாத வேலை பிடிக்கவில்லை. ஒரு வாரத்தில் விட்டுவிட்டாள்.

பிறகு அவள் பெயரிலேயே ஒரு கூடைப்பந்துக் குழு ஆரம்பமாயிற்று. அதில் பெரும்பாலும் ஆண்கள், பெண்கள் ஓரிருவர். 1933, 1934 குளிர் காலத்தில் இந்தக் குழு மோட்டாரில் சின்னச் சின்ன ஊர்களாகச் சுற்றியது. போன ஊரில் உள்ள ஆண்கள் குழுவோடு ஆட்டம். டிக்கட் வசூல். பேப்புக்கு மாதம் ஆயிரம் டாலர் என்று பேச்சு. நாடு முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. ஆயிரம் டாலர் பெரும் தொகை.

சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடிய முதல் பெண்களில் அவளும் ஒருத்தி. ஆனால் அது சர்க்கஸ் பிழைப்பு மாதிரி. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்களை விட, ஆண்களோடு ஆடும் பெண்ணை வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம். தாடி வளர்த்த ஆண்களின் பேஸ்பால் குழு ஒன்றோடும் ஊர் ஊராகப் போனாள். இவள் பெண்தானா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பத்திரிகைக்காரர்கள் கூசாமல் எழுதினார்கள். அவள் சிரித்துக்கொண்டே பதில் சொல்வாள். பணம் வந்ததும் ஊருக்கு அனுப்புவாள்.

பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1976-ல்தான். அமெரிக்காவில் இன்று பெரிய அளவில் நடக்கும் பெண்கள் தொழில்முறைப் பந்தயம் 1997-ல் ஆரம்பமாயிற்று. பேப் அறுபது ஆண்டு முன்னால் பிறந்துவிட்டாள்.

கையில் ரத்தம் கசிந்தது

கூடைப்பந்தில் பிழைப்பு நிலைக்காது என்று கண்டுகொண்டவள் கோல்ப் மட்டையை எடுத்தாள். கோல்ப் பணக்காரர் ஆட்டம். அவளோ தச்சர் மகள். தினமும் ஆயிரம் பந்து வரை அடித்துப் பழகினாள். உள்ளங்கை வெடித்து ரத்தம் கசியும். துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடிப்பாள்.

1935-ல் டெக்சாஸ் மாநிலப் பெண்கள் பந்தயத்தில் ஜெயித்தாள். பணக்காரச் சங்கத்துப் பெண்கள் முகம் சுளித்தார்கள். லாரிக்காரன் மகள் எல்லாம் வரும் இடமா இது என்று ஒருத்தி பேசியதாகக் கதை உண்டு. அடுத்த மாதமே, நீ மற்ற விளையாட்டுகளில் பணம் வாங்கியவள் என்று சொல்லிக் கோல்ப் சங்கம் அவளைத் தடுத்தது.

1938 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்சில் ஆண்கள் பந்தயம் ஒன்றில் துணிந்து சேர்ந்தாள். அவளோடு ஆடும்படி சீட்டு விழுந்தவர் ஜார்ஜ் சகாரியாஸ். மல்யுத்த வீரர். ஆள் மலை மாதிரி. ஆட்டத்தில் இருவரும் தேறவில்லை. அந்த ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி இருவருக்கும் கல்யாணம் நடந்தது!

கணவர் சம்பாதித்தார். ஆகவே பேப் மூன்று ஆண்டு பணம் வாங்காமல் காத்திருந்து, 1943-ல் மறுபடியும் பந்தயங்களில் சேரும் உரிமை பெற்றாள். 1945-ல் இண்டியானாபோலிசில் ஒரு பந்தயம். ஆட்டம் நடக்கும்போது தாய் இறந்த செய்தி வந்தது. யுத்த காலம், விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. சாக்குத் தைத்த காசைத் தாய் கையில் கொடுத்தவள், அந்தத் தாயின் முகத்தைப் பார்க்கப் போக முடியாமல் மைதானத்தில் நின்றாள். ஆடி ஜெயித்துவிட்டு, அதன் பிறகு ஊருக்குப் போனாள்.

1946-ல் அமெரிக்கப் பட்டம். 1947-ல் ஸ்காட்லாந்து போய்ப் பிரிட்டிஷ் பட்டம். அதை வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவள்தான். 1950-ல் பதின்மூன்று பெண்கள் சேர்ந்து கோல்ப் ஆடிப் பிழைக்கும் பெண்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அதில் பேப் ஒருத்தி. கூடைப்பந்தில் தனக்கு இல்லாமல் போன ஏற்பாட்டை அடுத்து வந்த பெண்களுக்குக் கோல்பில் செய்து வைத்தாள். அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அந்த அரை நூற்றாண்டின் மிகச் சிறந்த வீராங்கனை என்று பத்திரிகைக்காரர்கள் அவளையே தேர்ந்தெடுத்தார்கள்.

புற்றுநோய்

1953-ல் மலத்தோடு ரத்தம் போயிற்று. டாக்டர் பார்த்தார். பெருங்குடலில் புற்றுநோய். ஏப்ரல் மாதம் போமாண்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, வயிற்றில் துளை போட்டு, மலம் அந்த வழியே பைக்குள் வரும்படி செய்தார்கள்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்ற சொல்லையே வீட்டில் உரக்கச் சொல்ல மாட்டார்கள். நம் பக்கத்தில் இப்போதும் சிலர் அப்படித்தான் மறைக்கிறார்கள். பேப் மறைக்கவில்லை. எனக்கு வந்திருப்பது இந்த நோய்தான், இப்படி ஆபரேஷன் செய்தார்கள் என்று பத்திரிகையில் வெளிப்படையாகச் சொன்னாள். அதே ஆபரேஷன் ஆனவர்கள் அவளுக்குக் கட்டுக்கட்டாகக் கடிதம் எழுதினார்கள்.

நோய் முழுவதும் போகவில்லை என்பது டாக்டருக்கும் கணவருக்கும் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை. அது சரியா, தப்பா? அந்தக் காலத்து வழக்கம் அப்படி.

இனி அவள் ஆட முடியாது என்று எல்லோரும் நினைத்தார்கள். பதினாலு வாரத்தில் மைதானத்துக்கு வந்துவிட்டாள்! முதல் பந்தயத்தில் பந்து சொன்னபடி கேட்கவில்லை. நடுவில் உட்கார்ந்து அழுதாள். ஆட்டத்தை விடச் சொன்னார்கள். நான் பாதியில் விடுகிறவள் அல்ல என்று எழுந்து ஆடி முடித்தாள்.

1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அமெரிக்கத் திறந்த பந்தயம் நடந்தது. வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டு ஆடினாள். இரண்டாவதாக வந்தவளை விட 12 அடி குறைவாக ஆடி ஜெயித்தாள். கோல்பில் அடி குறைந்தால்தான் வெற்றி. 12 அடி என்பது சாமானியம் அல்ல.

அடுத்த ஆண்டு முதுகு வலி வந்தது. நோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. 1955 கிறிஸ்துமஸ் சமயத்தில் போர்ட்வொர்த் நகரில் நண்பர்கள் வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு தடவை கோல்ப் மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். காரில் அழைத்துப் போனார்கள். இறங்கி மெல்ல நடந்து போனாள். மண்டியிட்டு உட்கார்ந்து, புல்லை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு எழுந்து காருக்கு வந்துவிட்டாள்.

கடைசி மாதங்கள் கால்வெஸ்டன் நகர ஆஸ்பத்திரியில் கழிந்தன. அவள் கட்டில் கிடந்த அறையின் மூலையில் கோல்ப் மட்டைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்துப் போக வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள்.